புதன்கிழமை மட்டும் தீப்பிடிக்காத அடுப்பு

பிறந்தபோது அவள் எடை இரண்டு கிலோவுக்கும் கீழே, பிழைத்தாள். மூன்று வயது முடிந்தும் நடக்கவில்லை. நான்காம் வயதில் ஒரு மழை நாளில், கொடியில் கிடந்த துணியை எடுக்க எல்லோரும் ஓடியபோது அவளும் எழுந்து ஓடினாள். ஒரு காய்ச்சலில் இடது காது போயிற்று. நாற்பது பேர் ஒரே நேரத்தில் கத்தும் கேண்டீனில் யார் என்ன கேட்டார்கள் என்பதை வலது காதை வைத்துக்கொண்டே பிசகாமல் சொன்னாள். கேரம் ஆட்டத்தில் பேருந்துப் பணிமனையின் எட்டு வருட சாம்பியனான ஃபிட்டரை ஒரே மதியத்தில் இரண்டு முறை தோற்கடித்தாள். மூன்றாவது ஆட்டத்துக்கு அவர் உட்காரவில்லை. கணவர் போன பிறகு மகளைத் தனியாளாக வளர்த்து நர்ஸாக்கினாள். அதே பணிமனைக் கேண்டீனில் இருபத்தோரு வருடம் பாத்திரம் கழுவிவிட்டு, நாற்பத்தாறாம் வயதில் ஒரு திங்கட்கிழமை காலையில் சமையல் இடுக்கியைக் கையில் வாங்கினாள்.

இவ்வளவையும் ஜெயித்தவளை ஓர் அடுப்பு மூன்று மாதம் தலை கிறுகிறுக்க வைத்தது.

வீட்டில் அவளைக் குருவி என்றுதான் கூப்பிடுவார்கள். பணிமனையில் குருவியக்கா. கேண்டீன் சமையலறையின் கூரையைப் பிரித்துப் புதிதாகப் போட வேண்டியிருந்ததால், அதுவரை சமையல் வெளியே என்று ஆகிவிட்டது. டயர் கழற்றும் கொட்டகைக்குப் பின்னால் ஒரு சிமென்ட் முற்றம். அங்கே நான்கு பர்னர் உள்ள கேஸ் கிரில் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பழைய சமையல்காரர் முற்றத்தை ஒரு முறை பார்த்தார், வானத்தை ஒரு முறை பார்த்தார், "எனக்கு வெயில் ஆகாது" என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்த்துக்கொண்டார். மறுநாள் காலை ஆறு மணிக்கு நாற்பது பேர் பசியோடு வந்து நிற்பார்கள். மேனேஜர் சுற்றுமுற்றும் பார்த்தார். பாத்திரத் தொட்டிக்குப் பக்கத்தில் குருவி மட்டும்தான் நின்றுகொண்டிருந்தாள்.

காலை ஷிஃப்ட்டுக்குப் போகும் டிரைவர்களுக்கு ரொட்டிக்குள் வைத்த பேக்கன் வேண்டும். உப்பும் புகையும் ஏற்றி, மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, உறையில் வரும் பன்றி இறைச்சிதான் பேக்கன். பார்வைக்குச் சாது. ஆனால் பாதிக்குப் பாதி கொழுப்பு. கிரிலின் கம்பியில் படுத்ததும் அந்தக் கொழுப்பு உருகிச் சொட்டத் தொடங்கும். கம்பிக்கும் பர்னருக்கும் கீழே சரிவாக ஒரு தகரத் தட்டு. சொட்டுவதெல்லாம் அதில் வழிந்து, அதற்கும் அடியில் தொங்கும் டப்பாவில் போய்ச் சேரும். சேர வேண்டும்.

முதல் நெருப்பு இரண்டாவது வாரம் வந்தது. நாலாவது ஈடு வெந்துகொண்டிருந்தபோது அடியிலிருந்து 'புஸ்' என்று ஒரு சத்தம். குனிந்து பார்ப்பதற்குள் கம்பிகளுக்கு நடுவே மஞ்சளாக ஒரு சுவர் எழுந்து முழங்கை உயரத்துக்கு நின்றது. குருவியின் கை தானாகத் தண்ணீர் வாளிக்குப் போனது. இருபத்தோரு வருடம் தண்ணீரிலேயே புழங்கிய கை, வேறெங்கே போகும்?

"அக்கா! தண்ணியத் தொடாதீங்க!" கொட்டகையிலிருந்து ஃபிட்டர் ஓடிவந்தார். "கொழுப்புல பத்தின நெருப்பு. தண்ணி பட்டா தெறிச்சு மூஞ்சிக்கு வரும்!"

"பின்ன என்னதான் பண்றது?"

"கேஸை மூடுங்க! மூடியைப் போடுங்க! தள்ளி நில்லுங்க!"

மூடினாள், போட்டாள், தள்ளி நின்றாள். கால் மணி நேரம் கழித்துத் திறந்தபோது பேக்கன் கரிக்கட்டையாகக் கிடந்தது. வரிசையின் முன்னால் நின்ற நெட்டை டிரைவர் எட்டிப் பார்த்து, "அக்கா, எனக்கு அவ்வளவு நல்லா வேக வேண்டாம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். குருவியும் சிரித்தாள்.

சின்னச் சின்னதாகப் புகைந்து அடங்கியவற்றை விட்டுவிட்டால், பத்து நாள் கழித்து இரண்டாவது. இந்த முறை பணிமனையின் பாதுகாப்பு அதிகாரி அதே நேரத்தில் முற்றத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். எல்லோரும் மேடம் என்று கூப்பிடும் அந்தப் பெண் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"முப்பதடி தூரத்துல டீசல் டேங்க் இருக்கு, தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"மூணாவது தடவை இப்படி ஆச்சுன்னா அடுப்புக்கு சீல் வெச்சுடுவேன். கூரை வேலை முடியற வரைக்கும் வெளியில இருந்து பொட்டலம் வரும். நீங்க பழையபடி தொட்டிக்குப் போயிடலாம்."

தொட்டிக்கு. அந்த ஒரு சொல் குருவியை நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்தது. தொட்டி அவளுக்குக் கேவலம் இல்லை. ஆனால் இடுக்கியைப் பிடித்துப் பழகிவிட்டாளே. "அக்கா, நீங்க குடுக்கறதுதான் பேக்கன்" என்று நாலு பேர் சொல்லக் கேட்டாயிற்றே. கேட்டது ஒரு காதில்தான் என்றாலும் நன்றாகவே கேட்டது.

அன்றிலிருந்து அவள் அந்த அடுப்போடு மல்லுக்கட்டத் தொடங்கினாள். கிரிலோடு வந்த வழிமுறைத் தாளை ஃபிட்டரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள்; மறுநாள் நெட்டை டிரைவரிடமும் கொடுத்தாள். இரண்டு பேரும் ஒரே தாளை வாசித்தார்கள் என்று நம்பவே முடியவில்லை. ஒருவர் மூடியைத் திறந்துவைக்க வேண்டும் என்றார். இன்னொருவர் மூடிவைக்க வேண்டும் என்றார். பிறகுதான் தெரிந்தது, ஒருவர் வாசித்தது பற்றவைக்கும்போது செய்ய வேண்டியது, இன்னொருவர் வாசித்தது நெருப்பு ஏறினால் செய்ய வேண்டியது.

தாளில் இருந்ததை எல்லாம் மனதில் ஏற்றிக்கொண்டாள். கிரிலைச் சுவரிலிருந்து பத்தடி தள்ளி நிறுத்தினாள். நான்கு பர்னரில் இரண்டை மட்டும் மிதமாக எரியவிட்டு, எரியாத பக்கத்தில் பேக்கனைப் போட்டாள். நேர் நெருப்பு படாமல் சூட்டிலேயே மெதுவாக வேகட்டும் என்றுதான். ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், ஈட்டுக்குப் பதினாறு கீற்று. நீளமான இடுக்கி இரண்டு: சிவப்புக் கயிறு கட்டியது பச்சை இறைச்சிக்கு, வெறும் இடுக்கி வெந்ததற்கு. தட்டும் அப்படியே இரண்டு. பச்சையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் ரொட்டியைத் தொடமாட்டாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகி, மேலே தடிமனான ஏப்ரன். தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில்.

எல்லாம் சரி. அப்படியும் நாலாவது ஈட்டில் 'புஸ்'.

பெரிய நெருப்பு இல்லை. எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் நெருப்பு. உடனே பர்னரை அணைத்து, மூடியைப் போட்டு அடக்கிவிடுவாள். ஆனால் எட்டிப் பார்க்கிறவன் ஒரு நாள் உள்ளே வந்துவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். எங்கிருந்து வருகிறது? நேர் நெருப்பு இல்லை, நெரிசல் இல்லை, அவசரம் இல்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

யோசனை சொல்ல ஆளுக்குக் குறைவே இல்லை.

"சிலிண்டர்ல பிரஷர் அதிகம்" என்றார் ஃபிட்டர். ரெகுலேட்டரை மாற்றினார்கள். புஸ்.

"பேக்கன்ல ஈரம் இருக்குக்கா. துடைச்சுட்டுப் போடுங்க" என்றான் நெட்டை டிரைவர். நாற்பது பேருக்கான கீற்றுகளையும் குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோல் ஒற்றி ஒற்றிப் போட்டாள். புஸ்.

"காத்து இந்தப் பக்கமா அடிக்குது." கிரிலைத் திருப்பிவைத்தார்கள். புஸ்.

"அக்கா, அடுப்புக்கு உங்களைப் பிடிக்கல. வேற ஒண்ணுமில்ல" என்றான் நெட்டை டிரைவர் கடைசியில்.

"உனக்கு என் பேக்கன் பிடிச்சிருக்கில்ல? வாயை மூடிக்கிட்டுத் தின்னு."

எழுத்தில் குறித்துவைக்க அவளுக்கு வழியில்லை. அதனால் ரொட்டிப் பை வாயில் வரும் பிளாஸ்டிக் கிளிப்புகளைச் சேர்த்தாள். ஓர் ஆணியில் கம்பி கட்டி, நெருப்பு வந்த நாளுக்குச் சிவப்பு, வராத நாளுக்கு வெள்ளை என்று வரிசையாகக் கோத்தாள். மூன்று வாரம் ஆனதும் கம்பியைப் பார்த்தவளுக்கு இன்னும் குழப்பம். சிவப்பு, சிவப்பு, வெள்ளை, சிவப்பு, சிவப்பு, சிவப்பு. வாரத்துக்கு ஆறு நாள் வேலை; மூன்று வாரத்திலும் மூன்றாவது கிளிப் வெள்ளை.

"புதன்கிழமை" என்றார் ஃபிட்டர், கம்பியை எண்ணிப் பார்த்து. "புதன்கிழமை மட்டும் உங்க அடுப்பு தீப்பிடிக்கறதில்ல."

"ஏன்?"

"வார லீவோ என்னவோ."

புதன்கிழமையில் அப்படி என்ன இருக்கிறது? அன்று வரும் ரொட்டியும் அதே பேக்கரி ரொட்டிதான். இறைச்சி திங்கட்கிழமையே வந்து ஐஸ்பெட்டியில் இருக்கும். அன்று வேறு சேலை கட்டுகிறாளா? இல்லை. வரிசையில் யாராவது வராமல் இருக்கிறார்களா? கூரை வேலைக்காரர்கள் அன்று எதையாவது நிறுத்துகிறார்களா? பஸ்ஸில் போகும்போது, துணி மடிக்கும்போது, மகளிடம் போனில் பேசும்போதுகூட இதே கேள்வி. "அம்மா, நான் என்ன சொன்னேன் இப்ப?" என்று மகள் கேட்டால், "புதன்கிழமைன்னு சொன்னே" என்பாள்.

எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாள். ஒரே ஒரு ஆளை மட்டும் சந்தேகப்படத் தோன்றவில்லை. அது அவள் அண்ணன்.

அண்ணன் அதே பணிமனையின் ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படிப்பு ஆறாம் வகுப்பு வரைதான். ஆனால் முப்பது வருடம் ஒரு நட்டு, ஒரு வாஷர்கூட இடம் மாறாமல் அடுக்கிவைத்தவர். தங்கை சமையல்காரி ஆனதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. தன் பங்குக்கு எதையாவது செய்தாக வேண்டுமே. இரண்டாவது வாரத்திலிருந்து, கேட்டில் பாஸ் வாங்கிக்கொண்டு, தினமும் மதியம் வந்து ஆறிப்போன கிரிலைத் துப்புரவாகக் கழுவுவார். கம்பி ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேய்ப்பார். அடித்தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, அதன்மேல் புது அலுமினியத் தாளை ஒரு சுருக்கம் இல்லாமல் விரித்து, நான்கு ஓரத்தையும் மடித்து அழுத்துவார். புத்தகத்துக்கு அட்டை போட்ட மாதிரி இருக்கும். "இப்ப பாரு, முகம் பார்க்கலாம்" என்பார். குருவி குனிந்து பார்ப்பாள். அவர் போட்ட தாள் ஒன்றுகூட ஒழுகியதில்லை.

செவ்வாய்க்கிழமை மட்டும் அவர் வரமாட்டார். முழங்கால் வலிக்கு அன்று ஆஸ்பத்திரியில் பயிற்சி. அன்று குருவியே பழைய தாளைக் கிழித்தெறிந்து, தட்டைத் தேய்த்து, வெறும் தட்டையே மாட்டிவிட்டு வீட்டுக்குப் போவாள். அண்ணன் அளவுக்குத் தனக்கு நறுவிசு போதாது என்று ஒவ்வொரு செவ்வாயும் அவளுக்கு ஒரு குற்ற உணர்ச்சி.

இதெல்லாம் கண்ணெதிரே நடந்தது. இருந்தும் தெரியவில்லை. வேண்டியவர் செய்யும் வேலையில் யார் போய்க் குற்றம் தேடுவார்கள்?

அந்த வாரம் மேடமிடமிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். வியாழக்கிழமை காலை அவரே நேரில் வந்து, நாற்பது பேருக்கும் சமைத்து முடிக்கும் வரை பக்கத்தில் நின்று பார்ப்பாராம். சரியாக நடந்தால் அடுப்பு இருக்கும். இல்லாவிட்டால் சீல்.

"ஒரு நாள் முன்னாடி வரச் சொல்லக்கூடாதா?" என்றாள் குருவி. "புதன்கிழமைன்னா தைரியமா நிப்பேன்."

செய்தி கேட்ட அண்ணன் புதன்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் கிரிலோடு உட்கார்ந்தார். நாளைக்குப் பரீட்சை என்பதால் அலுமினியத் தாளை இரண்டு மடிப்பாகப் போட்டார்.

வியாழக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு மேடம் வந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். அண்ணன் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்துகொண்டு, முற்றத்துச் சுவரோரமாக நின்றார். குருவி யாரையும் பார்க்கவில்லை. ஐஸ்பெட்டியிலிருந்து வேண்டிய அளவு மட்டும் எடுத்தாள். மூடியைத் திறந்துவைத்துப் பற்றவைத்தாள். முதல் ஈடு பொன்னிறமாக இறங்கியது. இரண்டாவது. மூன்றாவது. மேடம் ஏதோ எழுதிக்கொண்டார். நெட்டை டிரைவர் ரொட்டியைக் கடித்துக்கொண்டே கண்ணைச் சிமிட்டினான்.

நாலாவது ஈட்டைப் போட்டாள். அடியிலிருந்து மெலிதாகப் புகை கிளம்பியது. அந்தப் புகையை அவளுக்குத் தெரியும். புஸ்.

கை வாளிக்குப் போகவில்லை. பர்னர்களை அணைத்தாள், சிலிண்டர் வால்வைத் திருகி மூடினாள், மூடியை இறக்கினாள், இரண்டடி பின்னால் வந்து நின்றாள். எல்லாம் ஒரு மூச்சுக்குள். மேடம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"அணைச்ச விதம் சரி" என்றார் மேடம். "ஆனா இது மூணாவது."

"தெரியும் மேடம்."

"காரணம் என்னன்னு சொல்ல முடியுமா?"

"தெரியலயே மேடம்! மூணு மாசமா மண்டையைப் பிச்சுக்கறேன். நேத்து இதே மாதிரிதான் பண்ணேன். இதே கை, இதே இறைச்சி. நேத்து ஒண்ணும் ஆகல."

அரை மணி நேரம் ஆறவிட்டார்கள். பாதி வெந்த கீற்றுகளை மறுபடி சூடு காட்டிக் கொடுக்கக் கூடாது என்று அவளே குப்பையில் போட்டாள். மூடியைத் திறந்தாள். சீல் வைப்பதற்குமுன் கழுவியாவது கொடுப்போம் என்று, அடியில் தொங்கிய டப்பாவைக் கழற்ற ஒரு கையால் தாங்கி, இன்னொரு கையையும் கொண்டுபோனாள். இன்னொரு கைக்கு வேலையே இல்லை. டப்பா காற்றுப்போல இருந்தது.

குருவி டப்பாவுக்குள் பார்த்தாள். உலர்ந்து, பளபளவென்று, அண்ணன் கழுவி வைத்தபடியே இருந்தது.

"என்ன?" என்றார் மேடம்.

"நேத்து இதை ரெண்டு கையால தூக்கினேன்" என்றாள் குருவி மெதுவாக. "முக்கால்வாசி ரொம்பியிருந்தது. இன்னைக்கு ஒரு சொட்டு இல்ல. நாலு ஈடு போட்டிருக்கேன். அவ்வளவு கொழுப்பும் எங்க போச்சு?"

கம்பிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். அடித்தட்டை இழுத்தாள். அலுமினியத் தாளின்மேல், நான்கு பக்கமும் மடித்த ஓரத்துக்குள், கறுத்த கொழுப்பு குளம்போல் நின்றது. தாளின் ஒரு மூலையைக் கிழித்தாள். கீழே தட்டின் நடுவில், கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. கொழுப்பு டப்பாவுக்கு இறங்கும் வழி அதுதான். அதை அச்சுப் பிசகாமல் அடைத்துக் கிடந்தது அந்தத் தாள். போக வழியில்லாத கொழுப்பு பர்னருக்கு அடியிலேயே கிடந்து காய்ந்து, நாலாவது ஈட்டில் தானாகவே பற்றிக்கொண்டிருக்கிறது, தினமும். புதன்கிழமை நீங்கலாக.

குருவிக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் திரும்பி அண்ணனைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. தாளை முழுதாகக் கிழித்து எடுத்து, தட்டைத் தேய்த்து, மாட்டினாள். கையைக் கழுவிக்கொண்டு புதுக் கீற்றுகளைப் போட்டாள். நாலாவது, ஐந்தாவது, ஆறாவது. அடியில் 'டப், டப்' என்று டப்பாவில் சொட்டும் ஓசை. வலது காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வேகவைத்தாள். மேடம் கடைசி ரொட்டி போகும் வரை நின்றார்.

பிறகு ஒரு படிவத்தை எடுத்தார். "காரணம் கண்டுபிடிச்சாச்சு, சரியும் பண்ணியாச்சு. இதை எழுதிக் குடுத்தா சீல் வேண்டாம். ஆனா அந்த அலுமினியத் தாளை யார் போட்டதுன்னு எழுதணும்."

சுவரோரத்திலிருந்து அண்ணன் வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "நான்தாங்க போட்டேன். சுத்தமா இருக்கட்டும்னு..." முப்பது வருடத்தில் ஒரு வாஷரைக்கூடத் தவறான இடத்தில் வைக்காத மனிதர். மூன்று மாதமாகத் தங்கையின் காலுக்கடியில் தானே நெருப்பை அடுக்கிவைத்ததை அவரால் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

"வெளியாள் அடுப்பைத் தொட்டார்னு எழுதினா உங்க கேட் பாஸ் போயிடும்" என்றார் மேடம்.

"போகட்டும். என் பேரையே எழுதுங்க."

"எழுதாதீங்க மேடம்" என்றாள் குருவி. "அடுப்பு என்னோடது. தட்டை மாட்டறப்ப நான் பார்த்திருக்கணும். பொறுப்பு யாருன்னுதானே கேக்குது அந்தத் தாளு? நான்தான்."

"ஏய், உனக்கென்ன பைத்தியமா? தப்பு பண்ணது நானு."

"சும்மா இரு அண்ணா. நாளையில இருந்து கம்பியை மட்டும் தேய். தட்டு என் வேலை."

மேடம் அண்ணனைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், படிவத்தில் நாலு வரி எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். "பொறுப்பாளர் கையெழுத்து" என்று விரலை வைத்துக் காட்டினார்.

அங்கேதான் சிக்கல். காது கேட்காத பிள்ளையைச் சேர்க்க முடியாது என்று பள்ளிக்கூடம் அவளைத் திருப்பி அனுப்பியது. அன்றிலிருந்து மருத்துவமனையானாலும் ரேஷனானாலும் வேலைக்கான மனுவானாலும் அவளுக்காக அண்ணன்தான் கையெழுத்துப் போட்டுவந்தார். இப்போதும் பழக்க தோஷத்தில் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார்.

"குடு" என்றாள் குருவி.

"நான் போடறேன்மா, எப்பவும் போல."

"இதுல நீ போடக் கூடாது. குடு."

பேனாவை வாங்கினாள். படிவத்தை மேஜையில் வைத்து, என்ன நினைத்தாளோ, தலைகீழாகத் திருப்பினாள்.

"ஏம்மா, தலைகீழா இருக்கு" என்றார் மேடம்.

"இருக்கட்டும் மேடம். எனக்கு இப்படித்தான் தெரியும்."

ஏப்ரனின் நெஞ்சுப் பக்கத்தில் அவள் பெயர் தைத்த பட்டை இருந்தது, சமையல்காரி ஆனபோது பணிமனை கொடுத்தது. மூன்று மாதமாக, ஈடு வேகும் நேரமெல்லாம், அவள் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். மேலிருந்து குனிந்து பார்ப்பவளுக்குத் தலைகீழாகத் தெரிந்த அந்தப் பெயரை, தெரிந்தபடியே, நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவாக வரைந்தாள். முடித்ததும் மேடம் படிவத்தை மறுபடி திருப்பினார். கோணல்மாணலாக, கோட்டை விட்டு ஏறி இறங்கி, ஆனால் ஒரு எழுத்தும் குறையாமல், அவளுடைய முழுப் பெயர் நேராக நின்றது.

பெருமைப்படுவதா, வெட்கப்படுவதா என்று தெரியாமல் அண்ணன் டப்பாவை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். மேடம் கையெழுத்துக்குக் கீழே தேதியைப் போட்டார்: 2019ஆம் ஆண்டு, மார்ச் மாதம் 14ஆம் தேதி, வியாழக்கிழமை.